எம்.பி.பி.எஸ். படிக்காமல் உடற்கூறு சொல்லிக்கொடுக்க முடியுமா?

கேள்வி: தமிழ்நாட்டில் பயோடெக்னாலஜி படித்து, அறுபட்ட நரம்பு மீண்டும் வளர்வது பற்றி முனைவர் பட்டம் பெற்றவள் நான். இப்போது அமெரிக்காவில் ஒரு மருத்துவக் கல்லூரியில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வாளர்). என் வேலையெல்லாம் எலியின் தொடை நரம்போடுதான். வரும் ஆகஸ்டில் முதலாண்டு மருத்துவ மாணவர்களுக்கு, உடலை அறுத்துப் படிக்கும் டிசெக்‌ஷன் ஹாலில் கையும் மார்புச் சுவரும் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று துறையில் கேட்கிறார்கள். 6 வாரம், வாரத்துக்கு 2 நாள், நாளுக்கு 3 மணி நேரம். மனித உடலை நான் தொட்டதே இல்லை. மருத்துவரும் இல்லை. மாணவர்கள் கேட்டு எனக்குப் பதில் தெரியாமல் போனால் என்ன செய்வது? ஆய்வு வேலை கெட்டுவிடுமா? பின்னாளில் இது வேலைக்கு உதவுமா?

பதில்: ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் ‘சரி’ என்று சொல்வதற்கு முன்னால் இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மருத்துவர் இல்லை என்ற கவலையை முதலில் விடுங்கள். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் உடற்கூறு ஆசிரியர்களில் பலர் பிஎச்.டி. மட்டும் படித்தவர்கள். அங்கே அது பல தலைமுறையாக இருந்துவரும் வழக்கம். உங்களை ‘டாக்டரா’ என்று கேட்கமாட்டார்கள். மேஜைக்கு வந்தால் உதவி கிடைக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

எழுத்தில் வாங்க வேண்டியவற்றில் முதலாவது விசா. ஜே-1 என்றாலும் எச்-1பி என்றாலும், உங்கள் வேலை விவரத்தில் ஆராய்ச்சி மட்டும் இருந்தால், பாடம் எடுப்பது அதற்குள் அடங்குமா என்று கல்லூரியின் வெளிநாட்டினர் அலுவலகத்தில் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலையும் சேமித்து வையுங்கள். ‘எல்லோரும் செய்கிறார்கள்’ என்று பக்கத்து ஆய்வகத்தில் சொல்வது அனுமதி ஆகாது. இரண்டாவது சம்பளம். உங்கள் சம்பளம் முழுவதும் ஓர் ஆய்வு நிதியிலிருந்து வருகிறதென்றால், பாடம் எடுக்கும் நேரத்தை அந்தக் கணக்கில் எழுத முடியாமல் போகலாம். அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச். தரும் ஃபெலோஷிப் என்றால் இன்னும் கண்டிப்பு. அது முழுநேர ஆய்வுப் பயிற்சிக்கான பணம். அந்த நேரத்தைத் துறை ஏற்றுக்கொள்கிறதா என்பதை உங்கள் ஆய்வகத் தலைவரும் பாடப் பொறுப்பாளரும் பேசி முடிக்கட்டும். நீங்கள் நடுவில் தூது போக வேண்டாம்.

ஆய்வு கெடுமா என்பதற்கு ஒரு கணக்கு போடுவோம். வகுப்பு 36 மணி நேரம். முதல் தடவை எடுப்பவருக்கு ஒரு மணி வகுப்புக்கு 3 மணி தயாரிப்பு வேண்டும். ஆக மொத்தம் 144 மணி, வாரம் 40 மணி என்று வைத்தால் கிட்டத்தட்ட மூன்றரை வாரம். ‘வாரத்துக்கு 6 மணிதான்’ என்று ஆய்வகத் தலைவரிடம் சொல்லிவிட்டு செப்டம்பரில் மாட்டிக்கொள்வதைவிட, இந்த எண்ணை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. தயாரிப்பில் பாதியை ஜூன், ஜூலையில் முடித்துவிட்டால் எலி வேலை தடைபடாது. அந்த 6 வாரத்தில் மட்டும் நாள் தவறாமல் பார்க்க வேண்டிய நீண்ட பரிசோதனைகளைத் தொடங்காதீர்கள்.

ஜூனில் எலும்பிலிருந்து தொடங்குங்கள். படப் புத்தகத்தோடு உட்காருவது அப்புறம். தோள்பட்டை எலும்பு, காறை எலும்பு, மேற்கை எலும்பு, முதல் விலா இந்த நான்கையும் துறையிலிருந்து வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு தடவி, இது வலமா இடமா, இந்த முனை எந்தப் பக்கம் என்று சொல்ல வரவேண்டும். காக்காவின் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கோரகாய்டு முனை ஒன்றைத் தெரிந்துகொண்டாலே அக்குளில் பாதி வழி தெரிந்த மாதிரி. மூன்று தசைகள் அங்கே பிடித்திருக்கின்றன, நரம்புக் கொத்து அதன் கீழேதான் போகிறது. அதன்பிறகு துறையில் ஏற்கெனவே அறுத்துக் காட்சிக்கு வைத்திருக்கும் உடற்பகுதிகளைப் பாருங்கள். ஜூலையில் அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க, ஒரு கையை முதலிலிருந்து கடைசிவரை நீங்களே அறுத்துப் பாருங்கள். இதற்கு அனுமதி கேளுங்கள், பொதுவாகக் கொடுப்பார்கள். முதல் தடவை 15 முதல் 20 மணி நேரம் ஆகும். இந்த ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் தட்டிக்கழிக்காதீர்கள். படத்தில் மட்டும் படித்தவர் மேஜைக்கு வந்த ஐந்தாவது நிமிடத்தில் தடுமாறுவார். படத்தில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். பதப்படுத்திய உடலில் எல்லாமே ஒரே மங்கிய பழுப்பு.

அங்கே நிறம் உதவாது, விரல்தான் உதவும். நரம்பை இரண்டு விரல்களுக்கு நடுவே உருட்டினால் கெட்டியான கயிறு மாதிரி இருக்கும், உள்ளே துளை இல்லை, நீளவாக்கில் மெல்லிய கோடுகள் தெரியும். தமனியை அழுத்தினால் உள்ளே வெற்றிடம் தட்டுப்படும், விட்டால் மீண்டும் உருண்டு நிற்கும். சிரை மெல்லிசு, தட்டையாகப் படிந்துகிடக்கும், உள்ளே உறைந்த கறுப்பு ரத்தம் பெரும்பாலும் இருக்கும். முதல் வகுப்பிலேயே மாணவர்களின் விரலை இந்த மூன்றின் மேலும் வைத்துக் காட்டிவிடுங்கள். பிற்பாடு வரும் கேள்விகளில் பாதி குறைந்துவிடும்.

கத்தியைப் பற்றி. 3-ஆம் எண் கைப்பிடிக்கு 10 முதல் 15 வரையான பிளேடுகள், 4-ஆம் எண் கைப்பிடிக்கு 20 முதல் மேலே உள்ளவை. மாற்றிப் பொருத்த முயன்றால் பிளேடு ஆடும். பிளேடு மாட்டுவதும் கழற்றுவதும் விரலால் கூடவே கூடாது, ஹீமோஸ்டாட் என்ற இடுக்கியால் பிடித்துத்தான். இந்த ஹாலில் நடக்கும் காயங்களில் பல பிளேடு மாற்றும்போதுதான் நடக்கின்றன. தோலைக் கீறும்போது, மஞ்சள் கொழுப்பு தெரிந்த கணத்தில் ஆழம் போதும். புதியவர்கள் முதுகுத் தோலின் தடிப்பைப் பழகிவிட்டு அதே அழுத்தத்தில் மார்பில் கத்தி வைப்பார்கள். அங்கே தோல் மெல்லிசு, கத்தி நேராகத் தசைக்குள் போய்விடும். கழுத்தோரம் வந்தால் தோலுக்கு அடுத்து காகிதம் மாதிரி இருக்கும் பிளாட்டிஸ்மா தசையும் தோலோடு சேர்ந்து வந்துவிடும். தோல் எடுத்து முடிந்ததும் கத்தியைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். அதற்குமேல் கத்தரிக்கோல்தான் கருவி, அதுவும் வெட்டுவதற்கு இல்லை. மூடிய முனையை உள்ளே விட்டு, நரம்பு ஓடும் திசையிலேயே திறக்க வேண்டும். குறுக்கே திறந்தால் நரம்பு அறுந்துவிடும்.

இனி அக்குள். உங்கள் 6 வாரத்தில் மாணவர்கள் அதிகம் பயப்படுவதும், நீங்கள் அதிகம் பயன்படப்போவதும் இங்கேதான். அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

கையை உடலிலிருந்து விலக்கி வைத்துக் கட்டுங்கள். 90 டிகிரிக்கு மேல் இழுத்தால் நரம்புகள் விறைத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்கவே வராது. பெரிய மார்புத் தசையை மேலிருந்து புரட்டும்போது, அதன் அடியில் போய்ச் சேரும் மெல்லிய நரம்புகள் அறுபடாமல் தசையோடு ஒரு துண்டாக விட்டுவிடச் சொல்லுங்கள். சிறிய மார்புத் தசையை 3, 4, 5-ஆம் விலாக்களிலிருந்து விடுவித்து கோரகாய்டு பக்கம் மேலே புரட்டினால், பெட்டி திறந்த மாதிரி அக்குள் திறக்கும். உள்ளே முதலில் தெரிவது கொழுப்பும் நிணநீர்க் கணுக்களும்தான். மாணவர்கள் இதை ‘குப்பை’ என்று அள்ளி எடுக்கத் தொடங்குவார்கள். அங்கே நிறுத்துங்கள். அந்தக் கொழுப்புக்குள்தான் இரண்டாம் விலா இடைவெளியிலிருந்து புறப்பட்டு மேற்கையின் உட்புறத் தோலுக்குப் போகும் இன்டர்காஸ்டோபிரேக்கியல் நரம்பு குறுக்கே ஓடுகிறது. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் கணுக்களை எடுத்த பெண்களுக்கு மேற்கையின் உட்பக்கம் மரத்துப்போவதற்கு இந்த நரம்பு அடிபடுவதே வழக்கமான காரணம். இதைச் சொல்லிவிட்டால் பிறகு யாரும் அதை அள்ளி எறியமாட்டார்கள்.

அக்குள் சிரை எல்லாவற்றையும் மூடிக்கொண்டு முன்னால் கிடக்கும். உங்கள் கையேடு அனுமதித்தால் அதைக் கட்டி எடுத்துவிடலாம். தோளுக்கும் மார்புக்கும் இடையிலான பள்ளத்தில் ஓடும் செஃபாலிக் சிரையை மட்டும் விட்டுவையுங்கள், பின்னால் வழிகாட்டியாக உதவும்.

இப்போது பிரேக்கியல் பிளெக்ஸஸ், அதாவது கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புப் பின்னல். வேர், தண்டு, பிரிவு, கொத்து என்று படத்தை மனப்பாடம் செய்துவிட்டு வரும் மாணவர், கழுத்துப் பக்கத்திலிருந்து தேடத் தொடங்குவார். அங்கே எதுவும் அடையாளம் தெரியாது. நீங்கள் தலைகீழாகத் தொடங்கச் சொல்லுங்கள். கோரகாய்டிலிருந்து இறங்கும் கோரகோபிரேக்கியாலிஸ் தசையைப் பிடியுங்கள். அந்தத் தசையைத் துளைத்துக்கொண்டு நுழையும் நரம்பு மஸ்குலோக்யூட்டேனியஸ். இதில் சந்தேகமே வராது, வேறெந்த நரம்பும் அப்படிச் செய்வதில்லை. அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் லேட்டரல் (வெளிப்பக்க) கொத்துக்கு வருவோம். அதிலிருந்து கீழே இறங்கும் மற்றொரு தடித்த கிளையைத் தொடர்ந்தால், அக்குள் தமனிக்கு முன்னால் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் ஒரு கிளையோடு சேரும். சேர்ந்த நரம்புதான் மீடியன். அந்த எதிர்ப்பக்கக் கிளையில் ஏறினால் மீடியல் (உட்பக்க) கொத்து, அங்கிருந்து இறங்கும் தடித்த நரம்பு அல்நார். தமனியின் மேல் ஆங்கில எழுத்து ‘எம்’ விழுந்துவிட்டது. இதற்குப் பிறகு தமனியை மெல்லத் தூக்கினால் பின்னால் போஸ்டீரியர் கொத்து. அதிலிருந்து தோள்மூட்டுக்கு அடியில் பின்னோக்கி வளைந்து மறைவது ஆக்ஸிலரி, மேற்கையின் பின்பக்கம் இறங்குவது ரேடியல்.

இதில் வழக்கமாக நடக்கும் தப்பு ஒன்று உண்டு. மீடியல் கொத்திலிருந்து அல்நாரோடு கூடவே, முன்கைத் தோலுக்குப் போகும் இன்னொரு நரம்பும் இறங்கும். மேற்கையின் நடுவில் இரண்டையும் பார்த்தால் குழப்பம். முழங்கைவரை தொடர்ந்து போய்ப் பார்க்காமல் பெயர் வைக்காதீர்கள். உட்பக்க எலும்பு முண்டுக்குப் பின்னால் போவது அல்நார். பேசிலிக் சிரையோடு சேர்ந்து தோலடிக்கு வருவது மற்றது.

சில உடல்களில் கோரகோபிரேக்கியாலிஸைத் துளைக்கும் நரம்பே இருக்காது. மாணவர் அறுத்துத் தொலைத்துவிட்டதாக நினைத்துக் கலங்குவார். மீடியன் நரம்பைப் பாருங்கள், மஸ்குலோக்யூட்டேனியஸ் அதோடு சேர்ந்து ஓடி, பைசெப்ஸுக்கு அங்கிருந்தே கிளை போகலாம். பக்கத்து மேஜைகளையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். உடல் புத்தகப்படி இருப்பதில்லை என்பதை வருங்கால அறுவை மருத்துவருக்கு இதைவிட நன்றாகக் கற்பிக்க வழியில்லை.

நீங்கள் கேட்ட ‘பதில் தெரியாமல் போனால்’ என்பதற்கு விடையும் இந்த அக்குள் பயணத்திலேயே இருக்கிறது. மாணவர் ஒன்றைக் காட்டி ‘இது என்ன’ என்றால், பெயரைத் தேடாதீர்கள். எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, கூடவே என்ன போகிறது என்ற மூன்று கேள்விகளை அவரிடமே கேட்டு, சந்தேகமில்லாத ஓர் இடத்திலிருந்து அவரையே தொடர்ந்து வரச் சொல்லுங்கள். பத்துக்கு எட்டு தடவை அவரே சொல்லிவிடுவார். மீதி இரண்டில், ‘எனக்குத் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்’ என்று சொல்லி, மேஜை எண்ணோடு குறித்துக்கொண்டு, அடுத்த வகுப்பு தொடங்கும்போது முதல் வேலையாக விடை சொல்லுங்கள். ஊகித்து மட்டும் சொல்லாதீர்கள். ஒரு மேஜையில் சொன்ன தப்பு அன்று மாலைக்குள் வகுப்பு முழுக்கப் பரவிவிடும், தேர்வில்தான் வெளியே வரும்.

ஒரு மேஜையில் நாற்பது நிமிடம் நின்றுவிடுவது புதிய ஆசிரியர்களுக்கு வரும் இன்னொரு சிக்கல். நல்ல கேள்வி கேட்கும் மேஜை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், ஓரத்து மேஜையில் யாரோ தப்பான தசையை வெட்டிக்கொண்டிருப்பார்கள். முதல் பத்து நிமிடம் உங்கள் மேஜைகள் எல்லாவற்றையும் ஒரு சுற்று வந்து, கை சரியாக வைக்கப்பட்டிருக்கிறதா, கீறல் கோடு சரியா என்று மட்டும் பாருங்கள். மாணவர் கையிலிருந்து கத்தியை வாங்காதீர்கள். வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு சென்டிமீட்டர் செய்துகாட்டிவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். முழுதாகச் செய்துகொடுத்தால் உங்களுக்கு நன்றி சொல்வார்கள், ஆனால் அவர்கள் கற்றிருக்கமாட்டார்கள். முதல் நாள் ஒருவராவது மயங்குவார், பெரும்பாலும் காலையில் சாப்பிடாமல் வந்தவர். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள். சமீபத்தில் வீட்டில் சாவு நடந்த மாணவர் இருக்கலாம், அன்று அவர் வெளியே போக விரும்பினால் காரணம் கேட்காமல் அனுப்புங்கள்.

மேஜையில் இருப்பவர் பெரும்பாலும் தன் உடலைத் தானாக முன்வந்து கொடுத்தவர். அமெரிக்காவில் 1968-இல் வடிவமைத்து 2006-இல் திருத்திய உடற்கொடைச் சட்ட மாதிரியைத் தழுவித்தான் மாநிலங்கள் இதற்கு விதி வைத்திருக்கின்றன. படம் எடுக்கக்கூடாது, கைபேசி வெளியே வரவே கூடாது, பட்டப்பெயர் வைக்கக்கூடாது. ஒவ்வொரு மேஜைக்கும் எண்ணிட்ட ஒரு பாத்திரம் இருக்கும். அந்த உடலிலிருந்து எடுத்த கொழுப்பும் தோல் துண்டும்கூட அதில்தான் போகவேண்டும், பக்கத்து மேஜைப் பாத்திரத்தில் ஒரு சிட்டிகைகூடப் போகக்கூடாது. கடைசியில் எல்லாம் சேர்த்து எரியூட்டி, கேட்ட குடும்பங்களுக்குச் சாம்பல் திரும்பப் போகும். மாணவர் அவசரத்தில் கைக்கெட்டிய பாத்திரத்தில் போடுவார். அதை நீங்கள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதில் கண்டிப்பாக இருங்கள்.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். உடலைப் பதப்படுத்தப் பயன்படும் ஃபார்மால்டிஹைட் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். அமெரிக்கச் சட்ட வரம்பு 8 மணி நேரச் சராசரியில் 0.75 பிபிஎம், 15 நிமிடச் சராசரியில் 2 பிபிஎம் (பிபிஎம் என்றால் காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). நெஞ்சுக்கூட்டைத் திறந்து முகத்தை உள்ளே குனிந்து பார்க்கும்போதுதான் அதிகம் சுவாசிக்க நேரும், ஏனென்றால் திரவம் அங்கே தேங்கியிருக்கும். குனிவதற்கு முன் அதை ஒற்றி எடுத்துவிடச் சொல்லுங்கள். என்95 முகக்கவசம் இந்த ஆவியைத் தடுக்காது, அதை நம்பாதீர்கள். லேடக்ஸ் வேண்டாம், நைட்ரில் கையுறை போட்டு, நனைந்து ஊறியதும் மாற்றுங்கள். கண் தொடர்ந்து எரிந்தால் பாதுகாப்பு அலுவலகத்தில் அளவெடுக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கர்ப்பமாக இருந்தாலோ அதற்கான திட்டம் இருந்தாலோ ஆகஸ்டுக்கு முன்பே பணியாளர் மருத்துவப் பிரிவில் சொல்லிவிடுங்கள். வகுப்பு முடியும்போது விரல்களையும் திறந்த பகுதியையும் ஈரத்துணியால் சுற்றி மூட வைப்பதும் உங்கள் வேலை. விரல்கள்தான் முதலில் காய்ந்து விறகாகும். காய்ந்த திசுவை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

கடைசி வாரம், உடலில் குறியிட்ட இடத்தின் பெயரைக் கேட்கும் ஸ்பாட்டர் தேர்வுக்குக் குறியிட உங்களையும் கூப்பிடுவார்கள். நரம்புக்கும் ரத்தக்குழாய்க்கும் நூல் கட்டுங்கள், தசைக்கு ஊசி. ஊசியைத் தசையைச் சுற்றியுள்ள உறையில் குத்தினால் 30-ஆவது மாணவர் வருவதற்குள் அது சாய்ந்து பக்கத்துத் தசையைக் காட்டும். வேரும் போய்ச் சேரும் இடமும் இரண்டும் கண்ணுக்குத் தெரியாத நரம்பில் குறி வைக்காதீர்கள், அது அறிவைச் சோதிப்பதில்லை. குறியிட்ட பிறகு, அந்தப் பகுதியை அறுக்காத ஒரு சக ஆசிரியரை விடை சொல்லச் சொல்லிப் பாருங்கள். அவர் தயங்கினால் அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள்.

வேலைக்கு உதவுமா? அமெரிக்காவில் உதவும். டிசெக்‌ஷன் தெரிந்த ஆசிரியர்கள் அங்கே கிடைப்பது அரிது. ஆனால் ‘உதவி செய்தேன்’ என்ற ஒரு வரி போதாது. பாடப் பொறுப்பாளர் ஒருமுறையாவது உங்கள் மேஜைக்கு வந்து நேரில் பார்த்து, அதை எழுதிக் கொடுக்க வேண்டும், இப்போதே கேட்டுவையுங்கள். மாணவர் மதிப்பீடுகளைச் சேமியுங்கள். மாணவர்களின் மதிப்பெண்களை வைத்துக் கட்டுரை எழுதும் எண்ணம் இருந்தால், தரவு திரட்டுவதற்கு முன்பே நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், பின்னால் கேட்டால் கிடைக்காது. இந்தியாவுக்குத் திரும்பி மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு ஆசிரியராகலாம் என்ற நினைப்பு இருந்தால், அது நடக்காது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே எம்.டி. அனாடமி, அல்லது மருத்துவ எம்.எஸ்சி. அனாடமியோடு பிஎச்.டி. கேட்பார்கள். பயோடெக்னாலஜி பட்டம் அதற்கு ஈடாகாது.

கடைசியாக ஒன்று. நீங்கள் யார் என்பதை முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்: மருத்துவர் அல்ல, நரம்பு வளர்ச்சியை ஆராய்பவர் என்று. சிகிச்சைக் கேள்விகளை ஹாலில் இருக்கும் அறுவை மருத்துவரிடம் அனுப்புங்கள். ஆனால் அல்நார் நரம்பைக் கண்டுபிடித்த அன்று, ஒரு நூலை அக்குளிலிருந்து உள்ளங்கை வரை அந்த நரம்பின் மேலேயே வைத்து அளக்கச் சொல்லுங்கள். சுமார் 60 சென்டிமீட்டர் வரும். அறுபட்ட நரம்பு நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும், ஆக 600 நாள். நரம்பு இல்லாத தசையோ 12 முதல் 18 மாதத்துக்குள் மீளமுடியாத நிலைக்குப் போய்விடும். அதனால்தான் அல்நார் நரம்பு மேலே அறுபட்டவருக்கு, மீடியன் நரம்பின் ஒரு சிறு கிளையை மணிக்கட்டுக்குப் பக்கத்தில் எடுத்து அல்நாரோடு சேர்க்கிறார்கள். அந்தக் கிளை எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதே மேஜையில் முன்கையைத் திறக்கவையுங்கள்.